எப்போதும் ஜனவரி ஒன்று

மறுபடியும் அதே புள்ளிவட்டம். தேநீர் என்று வரவேண்டிய இடத்தில் முதலில் ஒரு த, அதற்குப் பின்னால் கொம்பு, கொம்புக்குப் பக்கத்தில், எழுத்து சேராதபோது கணினி வரைகிற அந்தப் புள்ளிவட்டம், யாருமில்லாத நாற்காலி மாதிரி. அருமைநாயகம் திரையைப் பார்த்தபடியே இருந்தார். வாசலில் நின்று மனைவி சுகிர்தா ஏதோ சொன்னாள். மோட்டார் என்று காதில் விழுந்தது, அதற்குப் பிறகும் ஏதோ சொன்னாள், செருப்பு மாட்டும் சத்தத்தோடு கலந்து போயிற்று. அவர் "ம்" என்றார். கேட் சாத்தும் சத்தம். இரண்டாவது சனிக்கிழமை, அவள் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடம் லீவு, மீன் வாங்கப் போகிறாள். போகட்டும். இதை நேற்றுத் திருத்தியாயிற்றே. திருத்தினோமா? திருத்தினது ஞாபகம் இருக்கிறது, கொம்பை எடுத்து எழுத்துக்கு முன்னால் வைக்கிற அந்த இடத்தில் நிரலின் ஒரு நிபந்தனை தலைகீழாக இருந்தது, அதை நேராக்கியதும், நாற்காலியில் சாய்ந்து கழுத்தைச் சொடுக்கியதும்கூட ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது நேற்றா, செவ்வாய்க்கிழமையா? செவ்வாய்க்கிழமை தேநீர் ஒழுங்காக வந்தது. அன்றைக்குச் சுகிர்தாவைக் கூப்பிட்டுக் காட்டினார், அவள் கரண்டியோடு வந்து பார்த்து, "தேநீர்னு எழுதத்தான் ஒரு மாசமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். புதன்கிழமை, எதனால் சரியானது என்று பார்ப்பதற்காக அந்தத் திருத்தத்தையே எடுத்துவிட்டுப் பார்த்தார். எடுத்த பிறகும் சரியாகவே வந்தது. அப்படியானால் சரிசெய்தது அது அல்லவா? வியாழக்கிழமை பொழுது சாயும்வரை உட்கார்ந்து அதே கோப்பில் வேறு எதையோ தொட்டபோது மறுபடி உடைந்தது. வெள்ளிக்கிழமை பழைய திருத்தத்தைத் திரும்பப் போட்டார், போட்டதாகத்தான் நினைப்பு, உடைந்தது உடைந்தபடியே இருந்தது. கோப்பைத் திறந்து பார்த்தார் இப்போது. திருத்தம் இருந்தது. அதற்குக் கீழே இன்னும் நாலைந்து மாற்றங்கள் இருந்தன, அவற்றில் இரண்டு ஏன் செய்தார் என்றே தெரியவில்லை. தம் கையெழுத்தில் வேறொருவர் எழுதி வைத்துவிட்டுப் போன மாதிரி.

சென்னையில் மென்பொருள் கம்பெனியில் இருந்தபோது ஒரு முழு நிரலையும் தலைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவார். சைதாப்பேட்டையில் ஏறினால் கிண்டி வருவதற்குள் எந்த வரியில் பிழை என்று தெரிந்துவிடும், இறங்கியதும் நேராகப் போய் அந்த வரியைத் தொடுவார். ஆபீஸில் பக்கத்து இருக்கைக்காரர்கள் அதைப் பற்றி வேடிக்கையாகப் பேசுவார்கள். போன வருஷம் கம்பெனியில், உங்கள் அனுபவத்துக்கு மரியாதை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார், சும்மா இருக்க முடியாமல் இந்த லார்க்கைப் பிடித்துக்கொண்டார். லார்க், கணினியை ஓட்டுகிற ஒரு இயங்குதளம். உலகத்தில் அங்கங்கே உட்கார்ந்து கொஞ்சம் பேர், ஒருவரையொருவர் பார்த்தேயிராதவர்கள், ஆசைக்காகக் கட்டிக்கொண்டிருப்பது. அரைகுறை. அச்சடிக்கத் தெரியாது, சத்தம் வராது, சில நாள் மவுஸே நகராது. அதில் தமிழ் தெரியவேண்டும் என்று இவருக்கு ஒரு ஆசை. எழுத்துகளை முன்பின் மாற்றிச் சேர்த்து வரைகிற, சி மொழியில் எழுதிய நிரல் நூலகம் ஒன்று இருக்கிறது, எல்லாக் கணினியிலும் கண்ணுக்குத் தெரியாமல் அதுதான் வேலை செய்கிறது. அதை வேறு கணினியில் கட்டி இங்கே கொண்டுவந்து வைத்துவிடலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், அது வாடகைக்குக் குடிவைக்கிற மாதிரி என்று இவருக்குத் தோன்றியது. லார்க்கின் உள்ளேயே, எழுதியதை ஓடும் வடிவத்துக்கு மாற்றுகிற லார்க்கின் சொந்தக் கம்பைலரை வைத்தே கட்டவேண்டும். அது இங்கே பிறக்கவேண்டும். இந்த வீம்புக்கு அவரிடம் காரணம் கிடையாது. காரணம் இருந்தது, அதைத்தான் மறந்துவிட்டாரோ என்னவோ.

இந்த மறதி என்ற சொல்லை அவர் மனசுக்குள்கூட மெதுவாகத்தான் எடுப்பார், சூடான பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி. அப்பாவுக்கு இதே வயதில், ஐம்பத்தைந்தோ ஐம்பத்தாறோ, தொடங்கியது. அப்பா ஞானமுத்து மின்வாரியத்தில் கணக்கராக இருந்தவர், வரிசை எண்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறவர். முதலில் பேப்பரில்தான் தெரிந்தது. காலையில் ஒரு செய்தியைப் படித்து, "ஏலே இங்க பாரு, பாலம் இடிஞ்சுட்டாம்" என்பார். மத்தியானம் அதே பேப்பரை எடுத்து அதே ஆச்சரியத்தோடு, "ஏலே, பாலம் இடிஞ்சுட்டாம்லே." சாயங்காலமும் பாலம் இடியும். அப்போது இவர் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அப்பாவுக்கு ஒன்றும் வலியில்லை, ஒவ்வொரு தடவையும் அவருக்குப் புதுச் செய்தி, புது வியப்பு. இப்போது இந்தப் புள்ளிவட்டத்தைப் பார்த்து ஒவ்வொரு நாள் காலையும் ஆச்சரியப்படுவதும் அதுதானோ? பாலம் இடிந்துவிட்டதாம். திருத்தினேன், இடிந்துவிட்டதாம். இவரும்தான், சாவியைப் பிரிட்ஜில் வைத்தது, கேட்டைத் திறந்து போட்டது, எதிர்வீட்டுப் பெண்ணின் பெயர் வராமல் அவளிடமே "நல்லாயிருக்கியாம்மா" என்று சமாளித்தது. எல்லாம் எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் நிரல் அப்படியல்ல. நிரலில் அவர் ஒருநாளும் தடுமாறியதில்லை. அங்கேயும் வந்துவிட்டது என்றால் வந்துவிட்டது. அதனால்தான் வண்ணார்பேட்டையில் நரம்பு டாக்டரிடம் இன்றைக்குச் சாயங்காலம் நேரம் வாங்கியிருந்தார். சுகிர்தாவிடம் கண்ணாடி மாற்றப் போகிறேன் என்று சொல்லி வைத்திருந்தார். சொன்னோமா? சொன்னோம். அவள்கூட, இப்போதுதானே மாற்றினீர்கள் என்று கேட்டாள்.

சரி, ஒரு வேலை செய்வோம். அந்த இடத்துக்கு நிரல் வருகிறதா என்று பார்க்க ஒரு வரி போடுவோம். வந்தால் 'வந்தேன்' என்று திரையில் எழுதட்டும். போட்டார். சேமித்தார். சேமித்தோமா என்று கோப்பை மூடித் திறந்து பார்த்தார், இருந்தது. விரலை அந்த வரியின்மேல் வைத்து ஒருமுறை படித்தார், சின்ன வகுப்புப் பிள்ளை படிக்கிற மாதிரி. பிறகு கட்டினார். கட்டுவதற்கு அவர் ஒரு சின்னக் கட்டளைக்கோப்பு வைத்திருந்தார். நூலகத்தில் ஏராளமான கோப்புகள். எது மாறியிருக்கிறதோ அதை மட்டும் திரும்பக் கம்பைல் செய்து மற்றதைப் பழையபடியே சேர்த்துக்கொள்கிற வேலையை மேக் என்ற நிரல் பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டினால் லார்க்குக்கு அரைநாள் ஆகும், நடுவில் மயங்கி விழுந்தாலும் விழும், அதனால் அதை ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தார். கட்டி முடித்தது. ஓட்டினார். த, கொம்பு, புள்ளிவட்டம். 'வந்தேன்' வரவில்லை. அப்படியானால் நிரல் அந்தப் பக்கமே வரவில்லை. வராமல் எப்படி? அதற்கு முந்தைய இடத்தில் இன்னொரு வரி போட்டார். அதற்கும் முந்தி, வராமல் தப்பவே முடியாத தலைவாசலில் ஒன்று போட்டார். ஒன்றும் வரவில்லை. ஆளே வராத வீட்டில் புள்ளிவட்டம் மட்டும் உட்கார்ந்திருந்தது. தாம் பார்க்கிறதும் அது செய்கிறதும் வேறு வேறாக இருக்கின்றன. வேறொரு கோப்பை வைத்துக்கொண்டு இதுதான் அது என்று நம்பிக்கொண்டிருக்கிறாரா? அப்பா கடைசியில் அடுத்த தெரு வீட்டின் கேட்டைத் திறந்து உள்ளே போய், "யார் இவங்கள்லாம் நம்ம வீட்ல" என்று கேட்டாரே.

"நாயகம் சார்."

எங்கேயோ தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரமாகவே விழுந்துகொண்டிருந்தது, மழை என்று காது அதை ஒதுக்கி வைத்திருந்தது.

"யே நாயகம் சார். டேங்கு நெறஞ்சு கொட்டுது. எங்க தகரத்துல குத்தாலம் மாரி விழுது. நான் சோப்பும் துண்டும் எடுத்துட்டு வரட்டுமா?"

பக்கத்து வீட்டு மரியதாஸ். எழுந்து ஓடினார். நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் இடித்தது. மாடிப்படியடியில் சிவப்புப் பொத்தானை அமுக்கியதும் மோட்டார் ஒரு முனகலோடு நின்றது, தகரத்தில் சத்தம் மெலிந்து மெலிந்து சொட்டாயிற்று. மதிலுக்கு மேலே மரியதாஸின் தலை தெரிந்தது.

"மறந்துட்டேன், மன்னிச்சுக்கோங்க."

"மன்னிக்க என்ன இருக்கு, வெயில்ல தகரம் குளுந்திருக்கும். மேடத்துகிட்ட சொல்லமாட்டேன், பயப்படாதீங்க."

சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தார். மறந்துட்டேன். எவ்வளவு சுலபமாக அந்தச் சொல் வந்துவிட்டது, அதுவும் இன்னொருவர் முன்னால். ஈரப் படியில் கொஞ்சம் நின்றார். படியிலிருந்து நீர் ஒழுகி இறங்கிச் செம்பருத்தித் தொட்டியைச் சுற்றிப் போனது. சுகிர்தா எப்போது மோட்டாரைப் போட்டாள்? சொன்னாளா? சொல்லியிருப்பாள். வாசலில் ஏதோ சொன்னாளே. அந்த வாக்கியத்தைத் தேடினார். மோட்டார் என்ற ஒரு சொல், அப்புறம் வெறும் செருப்புச் சத்தம். டாக்டர் என்ன கேட்பார்? இன்று என்ன தேதி, நாட்டின் பிரதமர் யார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு. அறுபத்தைந்து வரைக்கும் வந்துவிட்டு, சட்டென்று வெட்கமாக இருந்தது, யாரும் பார்க்கிறார்களா என்று மதிலைப் பார்த்தார். மரியதாஸ் போய்விட்டிருந்தார். அவளுக்கு எப்படிச் சொல்வது? அம்மா மாதிரி அவளும் முதலில் சிரிப்பாள். பிறகு கேட்டைப் பூட்டி வைக்கவேண்டி வரும். வகுப்பு முடித்து வந்து தினமும் தேடவேண்டி வரும், இந்த மனுஷன் எந்தத் தெருவில் எந்த வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார் என்று.

உள்ளே வந்தபோது திரையின் ஓரத்தில் மார்ட் அனுப்பிய செய்தி இருந்தது. மார்ட் எஸ்தோனியா நாட்டு ஆள், லார்க்கின் கோப்பு வேலைகளைப் பார்க்கிறவன், இவரை 'அருமை' என்று கூப்பிடுகிறவன். நேற்று இவர் அனுப்பிய நிரலை அவன் தன் கணினியில் கட்டிப் பார்த்திருக்கிறான். எனக்கு ஒழுங்காக வருகிறதே, இதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், என்று எழுதி ஒரு படமும் அனுப்பியிருந்தான். படத்தில், பனி நாட்டில் யாரோ ஒருவனுடைய மேசையில், தேநீர் என்று அழகாக எழுதியிருந்தது. கொம்பு தன் இடத்தில் நின்றது. அருமைநாயகத்துக்கு முதலில் வந்தது சந்தோஷம் அல்ல, பயம்தான். நிரல் சரி. அப்படியானால் சரியில்லாதது இங்கே. இங்கே என்றால் இந்த மேசையில், இந்த நாற்காலியில். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார், மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். 1970 மார்ச் என்று போட்டிருந்தது. அது லார்க் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை. கணினிக்குள் இருக்கிற கடிகாரத்தைப் படிக்கிற வேலையை லார்க்கில் இன்னும் யாரும் எழுதவில்லை. அதனால் எழுந்திருக்கும்போதெல்லாம் அதற்கு, கணினிகள் நாளை எண்ணத் தொடங்குகிற 1970 ஜனவரி ஒன்று, பூஜ்ய மணி, அங்கிருந்து ஓடும். இவரே அதைக் கிண்டல் செய்திருக்கிறார், நான் பிறப்பதற்கு முந்தைய வருஷத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன் என்று. மார்ட்டுக்கு ஏன் மார்ச்? அவன் கணினியை அணைப்பதே இல்லை, குளிருக்கு அது ஒரு கணப்பு என்பான். இவர் மின்சாரக் கட்டணத்தை நினைத்து ராத்திரி அணைத்துவிடுவார். அவனுக்கு நாட்கள் நகர்ந்து மார்ச் வந்திருக்கிறது. தம் திரையின் மூலையைப் பார்த்தார். ஜனவரி ஒன்று. நேற்றும் ஜனவரி ஒன்றுதான். முந்தாநாளும்.

முதுகுத்தண்டில் ஏதோ மெல்ல நிமிர்ந்தது. பஸ்ஸில் கிண்டிக்கு முன்னால் வருமே, அது. அவசரப்படாதே. மெதுவாக. மேக் எதை வைத்து ஒரு கோப்பு மாறியிருக்கிறது என்று முடிவு செய்கிறது? உள்ளே எழுதியிருப்பதை அது படிப்பதில்லை. நேரத்தைத்தான் பார்க்கிறது. எழுதிய கோப்பு பிந்தியதா, அதிலிருந்து கம்பைல் ஆன கோப்பு பிந்தியதா. எழுதியது பிந்தியது என்றால் திரும்பக் கம்பைல் செய். இல்லையென்றால் வேலை இல்லை, விடு. வியாழக்கிழமை அவர் சாயங்காலம்வரை உட்கார்ந்து கட்டினார், கம்பைல் ஆன கோப்பின் நெற்றியில் ஜனவரி ஒன்று ஒன்பது மணி என்று ஒட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் திருத்தினார், அதன் நெற்றியில் ஜனவரி ஒன்று ஒரு மணி. மேக்குக்கு, திருத்தம் பழசு, கட்டியது புதுசு. தொடவேயில்லை. அவர் எழுதிய எதையும் அது தொடவேயில்லை. வெள்ளிக்கிழமை போட்ட திருத்தம், இன்றைக்கு எழுதிய 'வந்தேன்', தலைவாசலில் எழுதிய 'வந்தேன்', எல்லாம் வெளியே காத்துக்கொண்டு நிற்க, உள்ளே வியாழக்கிழமையின் நிரல் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை ஒரே உட்காரலில் எழுதிக் கட்டினதால் எடுபட்டது. புதன்கிழமை காலையில் எடுத்தது எடுபடவில்லை, அதனால் சரியாகவே இருந்தது. வியாழக்கிழமை செவ்வாயைவிட அதிக நேரம் உட்கார்ந்ததால் புதன்கிழமை எடுத்தது அன்றைக்குப் போய்ச் சேர்ந்தது, உடைந்தது. ஒவ்வொன்றாக வந்து தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. அவர் நினைத்த வரிசையில்தான் எல்லாம் நடந்திருந்தது. அவர் ஒன்றைக்கூட மறந்திருக்கவில்லை.

ஆனால் இப்படி நேரம் முன்பின்னாக இருந்தால் மேக் சொல்லுமே. இந்தக் கோப்பு வருங்காலத்திலிருந்து வந்திருக்கிறது, எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதுமே. ஏன் சொல்லவில்லை? கேட்ட மாத்திரத்தில் பதில் தெரிந்துவிட்டது, முகம் சூடாயிற்று. அவருடைய கட்டளைக்கோப்பைத் திறந்தார். கட்டும்போது வரிவரியாக ஓடுகிற தொணதொணப்பு பிடிக்காமல் முதல் வாரத்திலேயே அதன் வாயை அவர்தான் அடைத்திருந்தார். பெரிய பிழை என்றால் மட்டும் சொல், மற்றதெல்லாம் வேண்டாம். அந்த ஒரு சொல்லை அழித்தார். மறுபடி கட்டச் சொன்னார். உடனே திரை நிறையக் கொட்டியது. நேரம் சரியில்லை, கடிகாரத்தில் கோளாறு, கட்டியது முழுமையாக இல்லாமல் இருக்கலாம். எத்தனை நாளாக இதைச் சொல்லிக்கொண்டிருந்ததோ, கேட்க ஆளில்லாத அறையில். திருத்திய கோப்புகளுக்கெல்லாம் அந்த ஒன்பது மணிக்கும் பிந்திய ஒரு நேரத்தைப் போட்டுக் கட்டினார். லார்க் முக்கியது, கொஞ்சம் யோசித்தது. வந்தேன். வந்தேன். வந்தேன். அதற்குக் கீழே, தேநீர்.

அவர் கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். மூச்சு எங்கேயோ வயிற்றின் அடியிலிருந்து, ஒரு மாதமாக அங்கேயே இருந்தது மாதிரி, நீளமாக வெளியே வந்தது. பசித்தது. ஜன்னலுக்கு வெளியே தகரத்தில் இன்னும் ஒரு சொட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு சொட்டு. அந்தச் சொட்டில்தான் மனசு போய் மாட்டியது. நிரல் சரி, மோட்டார்? லார்க்குக்குக் கடிகாரம் இல்லை, உனக்கு என்ன இல்லை? சந்தோஷத்தை அவர் என்றைக்குமே முழுசாக விழுங்கியதில்லை, முள் இருக்கிறதா என்று நாக்கால் தேடிக்கொண்டேதான் விழுங்குவார்.

கேட் திறந்தது. "ஏங்க, படியெல்லாம் ஈரமா கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே சுகிர்தா மீன் பையோடு வந்தாள்.

"மோட்டார அமத்த மறந்துட்டேன்."

"மறந்தீங்களாக்கும்." பையை அடுக்களைத் தொட்டியில் கவிழ்த்தாள். சாளை. "உள்ள போனாத்தானே மறக்க. நான் வாசல்ல நின்னு தொண்ட கிழியச் சொல்லுதேன், நீங்க பொட்டியப் பாத்துக்கிட்டே 'ம்'முங்கீங்க. கல்யாணம் ஆன வருசத்துல இருந்து கேக்குற 'ம்'முதான். அந்த 'ம்'முக்கு, கேக்கலன்னு அர்த்தம். என் தப்பு, நானாவது அமத்திட்டுப் போயிருக்கணும்."

அவர் அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றார். உள்ளே போகாதது எப்படி மறக்கும்? இதை அவரல்லவா சற்று முன்னால் கண்டுபிடித்தார், வேறொரு இடத்தில். மேக்கைப் பற்றி அவளுக்குச் சொன்னார். கடிகாரம், ஜனவரி ஒன்று, எழுதியதையெல்லாம் பழசு என்று ஒதுக்கியது, தாம் அதன் வாயை அடைத்து வைத்தது. செதில் தெறிக்க மீனைச் சுரண்டியபடி அவள் கேட்டாள்.

"ஆக அது சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு."

"சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு."

"பாவம்" என்றாள். யாரை என்று சொல்லவில்லை. பிறகு, தலை நிமிராமல், "சாயந்தரம் கண்ணு டாக்டர்தானே?"

அவர் நிலையில் தெறித்து ஒட்டிய ஒரு செதிலை நகத்தால் எடுத்தார்.

"நேத்து போன் வந்துச்சு. நரம்பு டாக்டர் கிளினிக்லருந்து பேசுதோம், நாளைக்கு வந்துருவாங்களான்னு. எதுக்கும் எம்பேர்ல உள்ள நம்பரையே குடுத்துப் பழகிட்டா இப்படித்தான்."

"தேவையில்லன்னு இப்பத் தோணுது. இந்த மிஷின்தான்..."

"மிஷின் சரியாயிட்டு, சந்தோசம். மாமாவ நெனச்சு நீங்க ராத்திரி முழிச்சுக் கெடக்கது எனக்குத் தெரியாதா? அத யாரு சரிபண்ணுவா? டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொல்லட்டும், அதக் கேட்டுட்டு வந்து தூங்குங்க."

வெயில் அடுக்களை ஜன்னல் வழியாக வந்து மீன்களின்மேல் கிடந்தது. கூடத்தில் லார்க் தன் முதல் நாளை ஓட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் திரும்பப்போன கழுத்தை அவர் திருப்பாமல் வைத்துக்கொண்டார். முக்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"காலையில என்ன சொன்ன?"

"எப்போ?"

"கெளம்பும்போது. வாசல்ல."

"மோட்டார் போட்டிருக்கேன், நெறஞ்சா அமத்திருங்கன்னு சொன்னேன்."

"அதுக்கப்புறமும் ஏதோ சொன்னியே."

சுரண்டிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

"டாக்டர்ட்ட தனியாப் போவாதீங்க, நானும் கூட வாரேன்னு சொன்னேன்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். "நான் என்ன சொன்னேன்?"

"ம்முன்னீங்க" என்றாள் சுகிர்தா.